படங்களை மட்டும் வெட்டி விற்கலாமா? பழைய பறவை நூல்கள் குறித்து ஒரு வாசகியின் கேள்வி

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மாமனார் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக வேலை பார்த்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முழுக்கப் பறவைப் புத்தகங்கள். ஜி. எம். ஹென்றி வரைந்த இலங்கைப் பறவைகளின் வண்ணப்படத் தொகுப்பு நான்கு பகுதிகள், அதே ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் கையேடு, சாலிம் அலியும் ரிப்ளியும் எழுதிய இந்தியா–பாகிஸ்தான் பறவைகள் கையேட்டின் பத்துத் தொகுதிகளில் எட்டு. ஆறாவதும் ஒன்பதாவதும் இல்லை. ஒரு பழைய புத்தகத் தரகர் வீட்டுக்கு வந்து பார்த்தார். 'செட் உடைஞ்சிருக்கு, ஓரமெல்லாம் பென்சில்ல கிறுக்கியிருக்கு, புத்தகத்துக்கு எடைக்குத்தான் விலை. படங்களை மட்டும் வெட்டி எடுத்துக்கிறேன், படத்துக்கு இவ்வளவுன்னு தந்துடறேன், வெளிநாட்டுல ஆள் இருக்கு' என்கிறார். பூச்சியும் பூஞ்சையும் வேறு வந்துவிட்டது. கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள். அவர் மறுபடி வந்தால் பிளேடு கொண்டுவந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. எப்படி முடிவெடுத்தாலும் படத்தையும் எழுத்தையும் பிரிக்காமல் முழுப் புத்தகமாகவே அது கைமாற வேண்டும்.

தரகருக்குப் படம் மட்டும் ஏன் வேண்டும் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். முழுப் புத்தகத்தை வாங்க, அதைப் பற்றித் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும். படம் என்றால் சட்டம் போட்டு ரிசார்ட்டுக்கும் காபிக் கடைக்கும் புதுவீட்டு வரவேற்பறைக்கும் உடனே தள்ளிவிடலாம். ஐரோப்பாவில் இந்தத் தொழில் நெடுநாளாக நடக்கிறது. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் 1850-இல் தொடங்கி, அவர் இறந்த பிறகு 1883-இல் முடிந்த 'ஆசியப் பறவைகள்' ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்டது. அவற்றில் ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அப்படிப்பட்ட நூலையே பிரித்து ஒற்றைப் படங்களாக விற்றுத் தீர்த்திருக்கிறார்கள். அந்தப் படங்களின் விலையைக் காட்டித்தான் இங்கே உள்ள தரகர்கள் எல்லாப் பறவைப் படங்களையும் 'கையால் வரைஞ்சது' என்று விற்கிறார்கள். உங்களிடம் வாங்கும்போது மட்டும் அது வெறும் காகிதமாகிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும், கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் வைத்துக்கொள்வதே போதும். சாலிம் அலி தொகுதி ஒன்றில் ஏதாவது ஒரு வண்ணப்படத்தை விரித்து, பறவையின் மார்புப் பகுதியில் கண்ணாடியை வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்பொடிப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். அது இயந்திர அச்சு. கையால் தீட்டிய படத்தில் இப்படிப் புள்ளி வரிசை இருக்காது. வண்ணம் ஒரே படலமாகப் படிந்திருக்கும், அங்கங்கே கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வழிந்தும் இருக்கும். உங்களிடம் உள்ள மூன்று நூல்களுமே வண்ண அச்சுதான். அதனால் அவை மதிப்பில்லாதவை என்று ஆகிவிடாது. ஆனால் யாராவது 'கையால் தீட்டியது' என்று சொல்லிக்கொண்டு வந்தால், அவருக்குப் புத்தகம் தெரியாது, இல்லை தெரிந்தே பொய் சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரோடு பேரம் வேண்டாம்.

உங்களிடம் உள்ளவற்றில் அரிதானது ஹென்றியின் படத்தொகுப்புதான். ஹென்றி 1891-இல் இலங்கையிலேயே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கொழும்பு அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். 1927 முதல் 1935 வரை நான்கு பகுதிகளாக அந்தப் படங்கள் வெளிவந்தன. பகுதிக்கு 16 வீதம் மொத்தம் 64 படங்கள், ஒவ்வொரு பறவைக்கும் டபிள்யூ. ஈ. வெயிட் எழுதிய குறிப்பு. எட்டு வருட இடைவெளியில் வந்த நான்கு பகுதிகளும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது சாதாரணமில்லை. இன்றே உட்கார்ந்து 64 இருக்கிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் எந்தப் பகுதியில் எந்த எண் குறைகிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றிரண்டு குறைந்தாலும் தொகுப்பு தொகுப்புதான். தரகர் அதைச் சாக்காக்கி மற்ற அறுபதையும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார், விடாதீர்கள்.

மற்றத் தொகுதிகளில் படம் குறைகிறதா என்று பார்க்கவும் வழி எளிது. முன்பக்கங்களில் படப் பட்டியல் இருக்கும். அதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். சந்தேகமான இடத்தில் புத்தகத்தை நன்றாக விரித்துத் தையல் பக்கம் பாருங்கள். யாராவது ஏற்கெனவே படத்தை வெட்டியிருந்தால், அங்கே அரை விரல் அகலத்துக்குக்கூட இல்லாத ஒரு காகித ஈர்க்கு நேர்கோடாக நிற்கும், வெட்டு விளிம்பு கூர்மையாக இருக்கும். தானாகக் கழன்று விழுந்த படம் என்றால் பசையின் பழுப்புத் தடம்தான் தெரியும். நூலகத்தில் கழித்துக்கட்டிய தொகுதிகளில் இந்த ஈர்க்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். படம் போன பிறகு எழுத்து மட்டும் அனாதையாகக் கிடக்கும். எழுத்து போன படத்துக்கும் அதே கதிதான். கதிர்க்குருவிகளின் படப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாம் மங்கிய பச்சை, எல்லாம் ஒரே அளவு, கண்ணுக்கு மேல் ஒரு கோடு. எதிர்ப்பக்கக் குறிப்பு இல்லாமல் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. சாலிம் அலி–ரிப்ளி கையேட்டில் ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எண் உண்டு. ரிப்ளி 1961-இல் வெளியிட்ட பட்டியலின் எண்தான் அது. படத்தையும் பக்கங்களையும் கட்டிவைப்பது அந்த எண்தான்.

அடுத்தது 'செட் உடைஞ்சிருக்கு' என்ற பேச்சு. பத்துத் தொகுதிகளும் 1968 முதல் 1974 வரை ஒவ்வொன்றாக வந்தவை. வாங்கியவர்களும் ஒவ்வொன்றாகத்தான் வாங்கினார்கள். எனவே பல வீடுகளில் இடையில் ஒன்றிரண்டு இல்லாமல்தான் இருக்கும், உதிரித் தொகுதிகளும் பழைய புத்தகச் சந்தையில் வரத்தான் செய்கின்றன. உங்களிடம் இல்லாத ஆறாவது தொகுதி குயில்கீச்சான்களில் தொடங்கிச் சின்னான்களும் தவிட்டுக்குருவிகளும் உள்ளது. ஒன்பதாவது கருஞ்சிட்டு வகையில் தொடங்கி வாலாட்டிகளில் முடிவது. 1978 முதல் இரண்டாம் பதிப்புகள் வரத் தொடங்கின. ஆகவே நீங்கள் தேடி வாங்கினால் பதிப்பு கலந்துபோகும். படிப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, சேகரிப்பவர் மட்டும் முணுமுணுப்பார். எந்தப் பதிப்பு என்பதைத் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அட்டையைப் பார்த்து 'முதல் பதிப்பு' என்று சொல்பவரை நம்ப வேண்டாம். மேலுறைக் காகிதம் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

சரி, பென்சில் கிறுக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

பொதுவாகப் பழைய புத்தகத்தில் கோடு கிழித்தால், பெயர் எழுதினால், விலை குறையும். இது உண்மை. ஆனால் பறவை நூல்களில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தேதியும் இடமும் சேர்த்து எழுதிய குறிப்பு கிறுக்கல் ஆகாது, அது தகவல். நீங்கள் உதாரணத்துக்கு அனுப்பிய ஒரு வரி: 'ஆறுமணிக்குருவி, 12-10-62, லயத்துக்குப் பின்னால், காலை.' லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடு. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வந்து இலங்கை வரை இறங்கும் பறவை. அது 1962-இல் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் எந்த வாரம் தென்பட்டது என்று சொல்ல அந்த ஒரு வரியைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் இருக்கலாம். இன்று பறவைகள் முன்பைவிடச் சீக்கிரம் வருகின்றனவா, தாமதமாக வருகின்றனவா என்று ஆராய்பவர்களுக்கு அறுபது வருடத்துக்கு முந்தைய தேதிதான் கிடைப்பதே இல்லை. துரைமார் எழுதிவைத்தது அருங்காட்சியகங்களில் இருக்கிறது. தோட்டத்துக் கிளார்க் எழுதிவைத்தது இப்படி டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும்.

எல்லாக் குறிப்பும் இப்படி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'அழகான பறவை' என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அது உங்கள் குடும்ப நினைவு மட்டும். பெயருக்கு நேரே டிக் மட்டும் இருந்தால், அவர் அந்தப் பறவையைப் பார்த்தார் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது, பாதிப் பயன். தேதி இருந்து இடம் இல்லாவிட்டால், அந்த வருடம் அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று உங்கள் கணவரோ அத்தையோ சொல்ல முடியும். அதைத் தனித்தாளில் எழுதிப் புத்தகத்தோடு வையுங்கள். இடம், நாள், பறவை மூன்றும் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, பட்டியலாக எழுதி, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு (eBird) இணையதளத்தில் பழைய பதிவாக ஏற்றலாம். பழைய பதிவுகளுக்கென்றே அங்கே வழி இருக்கிறது. உங்களுக்குப் பறவை தெரியாவிட்டால், நீலகிரியில் பறவை பார்க்கும் இளைஞர்கள் யாராவது உட்கார்ந்து செய்து தருவார்கள். விற்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். தரகர் கைக்குப் போனால் முதல் வேலையாக ரப்பரை எடுத்து 'சுத்தம்' செய்துவிடுவார். அழித்த பிறகு காகிதமும் பாழ், குறிப்பும் பாழ்.

'இதெல்லாம் காலாவதியான புத்தகம்' என்று தரகர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அதில் பாதி உண்மை. இன்று காட்டுக்குப் போய்ப் பறவையை அடையாளம் காண இவை உதவாது. 2004-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இலங்கையின் செரண்டிப் குட்டி ஆந்தை 1955-இல் வந்த ஹென்றியின் கையேட்டில் எப்படி இருக்கும்? உங்கள் ஊர்ச் சோலைகளில் திரியும் நீலகிரிச் சோலைக்கிளியைப் பழைய நூலில் ஷார்ட்விங் என்ற ஆங்கிலப் பெயரில்தான் தேட வேண்டும். 2017-இல்தான் அதற்கெனத் தனிப் பேரினம் வகுத்தார்கள். அடையாளம் காண வேண்டுமென்றால் கிரிம்மெட்டும் இன்ஸ்கிப் தம்பதியும் எழுதிய கையேட்டை வாங்குங்கள், பையில் அடங்கும். குரலும் இனப்பிரிவும் ஆழமாக வேண்டுமென்றால் ராஸ்முசென், ஆண்டர்டன் இருவரும் 2005-இல் கொண்டுவந்து 2012-இல் திருத்திய இரண்டு தொகுதிகள் உண்டு. ஆனால் கூடு எதனால் கட்டுகிறது, முட்டை எத்தனை, எந்த உயரத்தில், எந்த மாதத்தில், அந்தப் பகுதி மக்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று நின்று நிதானமாகச் சொல்வது பழைய நூல்கள்தான். ஹென்றியின் கையேட்டில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் கொடுத்திருப்பார். உங்கள் மாமனார் அதை ஏன் இத்தனை தூரம் கப்பலேற்றிக் கொண்டுவந்தார் என்று இப்போது புரியும்.

வெளிநாட்டில் ஆள் இருப்பதாகச் சொன்னாரே, அங்கே ஒரு குழி இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 75 வருடம் கடந்தால் தொல்பொருள் கணக்கில் வந்துவிடும். மற்றப் பொருள்களுக்கு 100 வருடம். தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. ஹென்றியின் படத்தொகுப்பில் கடைசிப் பகுதிக்கே 75 தாண்டிவிட்டது. அச்சிட்ட படத்தொகுப்பு இதில் சேருமா சேராதா என்று தரகர் சொல்ல முடியாது; இந்தியத் தொல்லியல் துறைதான் சொல்ல வேண்டும். அதன் சென்னை வட்ட அலுவலகம் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் முறை. ஒரு குடும்பம் தாத்தாவின் புத்தகத்துக்குச் சான்றிதழ் வாங்கப் படியேறி இறங்குவதற்குள், விவரம் தெரிந்த கூட்டம் அதே மாதிரிப் படங்களைச் சுருட்டிக் காலண்டர் என்று எழுதி அனுப்பிவிடுகிறது. நேர்மையாக நடப்பவரைத்தான் இந்த நாட்டில் வரிசையில் நிற்க வைக்கிறார்கள். அதற்காக நீங்கள் குறுக்குவழிக்குப் போகாதீர்கள். பார்சல் மாட்டினால் அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

உள்நாட்டில் அனுப்புவதும் சுலபமாக இல்லை. குறைந்த கட்டணத்தில் போய்க்கொண்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் திடீரென்று நிறுத்தினார்கள். படிப்பவர்களும் பதிப்பாளர்களும் கூச்சல் போட்ட பிறகு 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது, ஒரு பார்சலுக்கு 5 கிலோதான் உச்ச வரம்பு. எட்டுத் தொகுதிகளை இரண்டு மூன்று பார்சலாகப் பிரிக்க வேண்டியிருக்கும். முடிந்தால் வாங்குபவரை நேரில் வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

விலை என்னவென்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எண் சொல்வது தவறு, எனவே நான் சொல்லப்போவதில்லை. இணையத்தில் விற்பவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே. விற்று முடிந்த விலையைப் பாருங்கள், அதுவும் அதே பதிப்புக்கு, அதே நிலையில் உள்ள பிரதிக்கு. குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். கேட்பவர்களுக்குத் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், படப் பட்டியல், முதுகு, பூச்சி அரித்த மோசமான ஒரு பக்கம், இவற்றை மட்டும் அனுப்புங்கள். எல்லாப் படத்தையும் தெளிவாக எடுத்து அனுப்பச் சொல்பவர்கள் சிலர் புத்தகத்தை வாங்கவே மாட்டார்கள். அந்தப் படங்களை அச்சடித்து விற்றுக்கொள்வார்கள். 'ஒரு தொகுதியை மட்டும் காட்டிட்டு வந்துடறேன்' என்று கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திரும்பி வராது, அப்புறம் மீதியைச் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

விற்க மனமில்லை, கொடுத்துவிடலாம் என்று தோன்றினால், பக்கத்து நூலகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வராதீர்கள். நான் அறிந்த ஒரு நூலகம், அன்பளிப்பாக வந்த பறவை நூலில் ஒவ்வொரு வண்ணப்படத்தின் நடுவிலும் ஊதா மையில் முத்திரை குத்தியது. சில வருடம் கழித்து 'யாரும் எடுக்கவில்லை' என்று அதையே கழித்துக்கட்டியது. பறவையியல் படிப்பவர்கள் வந்துபோகும் இடத்துக்குக் கொடுங்கள். உங்களுக்குக் கிட்டத்தில் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. மும்பையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இருக்கிறது. முன்கூட்டிக் கடிதம் எழுதி, அவர்களிடம் ஏற்கெனவே உள்ளதா, இதை ஏற்பார்களா என்று கேளுங்கள். தொகுதிகளைப் பிரிக்கக் கூடாது, படங்களில் முத்திரை குத்தக் கூடாது, மாமனாரின் பெயரோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பூச்சியும் பூஞ்சையும். இதை இந்த வாரமே செய்ய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. டிரங்குப் பெட்டியை விட்டுப் புத்தகங்களை வெளியே எடுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், வண்ணம் வெளுத்துவிடும், அட்டை வளைந்துவிடும். காற்றோட்டமான அறையில், நிழலில், விசிறி மடக்கைப்போல லேசாக விரித்து நிற்க வையுங்கள். மின்விசிறி நேராக அடிக்க வேண்டாம். பூஞ்சை நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வராந்தாவில் வைத்து மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது. வண்ணப்படம் அச்சிட்ட வழுவழுப்பான தாள் ஈரம் பட்டால் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கத்தியால் நெம்பாதீர்கள், அப்படியே விட்டு ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒட்டாத படங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பசையும் இருட்டும் பிடிக்கும். பீரோவில் சுவரை ஒட்டாமல் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டினாலே பாதி குறையும். அந்துருண்டையைப் பக்கங்களுக்குள் போடாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். ஹென்றியின் படங்களை லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

64 படங்களையும் எண்ணிவிட்டு, குறைகிற எண்களையும் தேதியோடு உள்ள பென்சில் குறிப்புகளின் பட்டியலையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு யாரிடம் விலை கேட்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை தரகரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.